ஹுவாத் பெரியப்பாவைத் தேடிப் போனது

என் கண்ணு ஞாய்க்கு,

அம்மா எழுதுகிறேன். தைவானில் குளிர் இறங்கிவிட்டதா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் நல்லதுதான். அண்ணன் பாக்குக்கு முதுகுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த வருஷம் வெள்ளம் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, கடலைச் செடி தப்பித்தது. கறுப்புப் பன்றி குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று சவலை, நான்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறேன். போன தடவை போனில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறார் என்றேன். அந்தக் கடையில் போன் பேசினால் உப்பு வாங்க வந்தவர்கள்கூடப் போகாமல் நின்று கேட்கிறார்கள், அங்கே வைத்து எதைச் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது ஞாய். நீ கிளம்பும்போது சாவியை வைத்த இடம் மறப்பார், கோழிக்குத் தீனி போட்டதை மறந்து திரும்பவும் போடுவார், அதை வைத்துக் கேலி பண்ணுவாயே, இப்போது அப்படி இல்லை. சந்தைக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் தலையில் ஏறிய ஷெல் துண்டு ஒன்று இன்னும் உள்ளேயே கிடக்கிறதே அதனாலும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று தெரிந்து நான் என்ன செய்ய, இனிமேல் என்ன செய்யணும் அதைச் சொல்லுங்க என்றேன். பக்கத்துலயே இருங்கம்மா என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

லியூ பெரியம்மாவை உனக்குத் தெரியும், அவர் கதை அரைகுறையாகத்தான் தெரியும். அவர் வீட்டுக்காரர் ஹுவாத்தும் அப்பாவும் ஒரே லாரியில் ஏறிப் பட்டாளத்துக்குப் போனவர்கள். கல்யாணம் ஆன புதுசு, மஞ்சள் சேலை கசங்குவதற்குள் போனார் என்று இங்கே சொல்வார்கள். கோன் தூம் மலையில் சண்டையில் ஹுவாத் செத்தபோது குழி வெட்டிப் புதைத்தது அப்பாதான். ஊருக்குத் திரும்பியதும் நம் வீட்டுக்குக்கூட வராமல் நேரே ஆற்றைக் கடந்து லியூ பெரியம்மாவிடம்தான் போய் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு பெரியம்மா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் அப்பா அங்கே போய்ச் சாப்பிடுவார், தம்பி இடம் ஞாபகம் இருக்கில்ல என்று அவர் கேட்பார், கண்ணைக் கட்டி விட்டாலும் போய் நிப்பேன் அண்ணி என்று இவர் சொல்வார். போகத்தான் முடியவில்லை. முதலில் மலை முழுக்கக் கண்ணிவெடி என்றார்கள், பிறகு பெரியம்மாவின் மாமியார் வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார், பிறகு நமக்குக் கஷ்ட காலம்.

இந்தத் தடவை பெரியம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ வியாதி வந்துவிட்டது, இருமினால் நிற்க மாட்டேன் என்கிறது. நம் வீட்டுக்கு வந்து, நான் கண்ண மூடுறதுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வந்துரணும் தம்பி என்றார். அப்பாவைப் பார்க்க வேண்டுமே, முகம் அப்படியே தெளிந்துவிட்டது. ஓடை வளைகிற இடம், யானை முதுகு மாதிரி ஒரு பாறை, ஓடையைப் பார்க்கத் தலையை வைத்துப் படுக்க வைத்தேன், நைலான் விரிப்பில் சுற்றி வைத்தேன் என்று கோவையாகச் சொன்னார். நான் பெரியம்மாவைத் தனியாகக் கூட்டிப் போய், அக்கா இவரு நேத்து என்னையே யாருன்னு கேட்டாரு என்றேன். இருக்கட்டும் தாவோ, இன்னிக்குத் தெரியுதில்ல, அடுத்த வருஷம் இதுவும் தெரியாது என்றார்.

நாங்கள் மூன்று பேரும் பாக்கும் பஸ் ஏறிப் போனோம். பெரியம்மா வழியெல்லாம் சிவப்புத் துணி போர்த்திய சின்னப் பெட்டியை மடியில் வைத்திருந்தார், எலும்பை எடுத்து வைத்துக் கொண்டுவர. மலை என்று அப்பா சொன்ன இடம் முழுக்க இப்போது காப்பித் தோட்டம். ஓடை இல்லை, அணை கட்டித் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். தோட்டக்காரர் அந்த மலை ஜாதி ஆள், நல்ல மனுஷன், வேரை வெட்டாம எங்க வேணும்னாலும் தோண்டிக்கங்க, நாங்களும் நிறையப் பேரை எடுத்துக் குடுத்திருக்கோம் என்றார். அப்பா ஒரு இடத்தைக் காட்டினார், பாக் வெட்டினான், ஒன்றும் இல்லை. இன்னொரு இடம் காட்டினார், அங்கேயும் இல்லை. இந்த மரமெல்லாம் எப்ப நட்டாங்க, இதெல்லாம் இங்க கிடையாதே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பாறையைப் பார்த்தாலும் ஓடிப்போய்த் தடவினார். மறுநாள் மண்வெட்டியை பாக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தானே வெட்ட ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. சட்டை நனைந்து மூச்சு வாங்க வெட்டினார், மண் கறுப்பாக வந்தது, உடம்பு மக்கின இடத்தில் மண் அப்படித்தான் இருக்குமாம், பிறகு கிழிந்த நைலான் ஒன்று வந்தது. பெரியம்மா குழிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார், என்னங்க, நான் லியூ வந்திருக்கேங்க என்று பேச ஆரம்பித்துவிட்டார். அப்போது தோட்டக்காரர் அந்த நைலானை எடுத்து மண்ணைத் தட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னையும் பாக்கையும் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, அம்மா இது எங்க உரச் சாக்கு, எழுத்துகூடத் தெரியுது என்றார். பெரியம்மா எங்களையும் தோட்டக்காரர் கையிலிருந்த சாக்கையும் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியும், ஞாய். படித்துவிட்டு அந்தக் கறுப்பு மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டியில் வைத்து மூடினார். போகலாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா பெரியம்மாவிடம், உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலைப் பக்கம்தான் தம்பி, வந்துருவாரு என்றார் பெரியம்மா, சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை உரித்து அப்பா கையில் கொடுத்தார்.

பெட்டியை பெரியம்மா வீட்டு வயலோரத்தில் அடக்கம் செய்து சமாதி கட்டினார்கள். ஊர்த் தலைவர் வந்தார், கூடப் போன பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார்கள், பெரியம்மாவின் நாத்தனார்கள் புரண்டு அழுதார்கள். நாற்பது பானை கொதிக்கிற மாதிரிப் பேச்சும் அழுகையுமாக இருந்தது. அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு அமைதியாகத்தான் இருந்தார். ஊதுபத்தியைக் கையில் கொடுத்ததும் கல்லில் எழுதியிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு, ஹுவாத் இங்க இல்லையே, அவனை நான் அங்கதானே வெச்சேன், எதுக்கு இங்க எழுதியிருக்கீங்க என்று சத்தமாகக் கேட்டார். புரண்டு அழுதவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு நாத்தனார், உங்க மனுசரை வீட்டுலயே வெச்சிருக்கக் கூடாதா என்று என் மேல் பாய்ந்தாள். பெரியம்மாதான் அவளைத் தள்ளிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து, ஆமா தம்பி, இது சும்மா நான் உக்காந்து அழ ஒரு இடம், நீங்க பத்தியை வைங்க என்றார். அப்பா வைத்தார். வைத்துவிட்டு அழுதார், யாருக்காக என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் பையில் துணியைத் திணித்துக்கொண்டு கிளம்புகிறார். அவன் தனியா இருக்கான், நான் போகணும் என்கிறார். ரயில் பாதைவரைக்கும் போய்விட்டார் ஒரு நாள். அண்ணன் கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டான். எனக்கும் அவனுக்கும் அதில் பெரிய சண்டை, ஆனால் பூட்டாமல் என்ன செய்வது, நான் வயலுக்குப் போக வேண்டாமா. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற ஆளையெல்லாம், அதிகாரிகிட்ட சொல்லி என்னை விடச் சொல்லுங்க என்று கெஞ்சுகிறார். சாவி என் மடியில்தான் இருக்கிறது. நான் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு எனக்கு சல்யூட் வைக்கிறார், ஞாய். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நீ அங்கே பார்த்துக்கொள்கிற பெரியவரும் இப்படித்தான் வாசலுக்கு வாசலுக்கு ஓடுவார் என்று சொன்னாயே. நீ என்ன செய்கிறாய், ஏதாவது மருந்து கொடுக்கிறார்களா, பாட்டுப் போடுகிறாயா, எதுவானாலும் எழுது, இங்கே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தாவது வைத்துக்கொள்கிறேன். உன்னை வரச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடியாமல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், வந்தாலும் நீயும் என் பக்கத்தில் நின்று பார்ப்பாய், அவ்வளவுதானே. அந்தப் பெரியவரிடம் எரிந்து விழாதே, அவர் உன்னை வேறு யாராவது என்று நினைத்துக் கூப்பிட்டால் அந்த ஆளாகவே இரு.

சுடுதண்ணீரில் குளி, ராத்திரியில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு படுக்காதே, அடி வயிற்று வலிக்கு மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு இருந்துவிடாதே. நம் முன்னோர்கள் கடல் தாண்டியும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், போன உடம்போடு நீ திரும்பி வரணும். ஒன்று மறந்துவிடாதே. பௌர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கடைக்குக் கூட்டி வருகிறேன், நீ கூப்பிடு. யார் பேசறது என்று கேட்பார். மகள் என்று அடித்துச் சொல்லாதே, அவருக்கு ஞாபகம் வராமல் பயந்து போனைக் கீழே வைத்துவிடுவார். அழவும் அழாதே. என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் கேள். அதைக் கேட்டால் நிறையப் பேசுவார்.

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா தாவோ