விற்றது தப்பில்லை

12 ஆகஸ்ட் 2004, வியாழன். அரியலூர்.

சுண்ணாம்புக்கல் லாரி உரிமையாளர் சங்கச் செயலாளர் இன்று மாலை தன் மாப்பிள்ளையோடு என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். மாப்பிள்ளைக்குச் சென்னையில் சாப்ட்வேர் வேலை. உட்காரச் சொன்னேன். செயலாளர் உட்காரவில்லை.

"ஏம்மா, இன்டர்நெட்ல சும்மா கெடக்குற புரோகிராமையா எங்ககிட்ட காசுக்கு வித்துட்ட?"

படிக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விக்கக் கூடாதுன்னு அந்த புரோகிராமோட லைசென்ஸ்ல இல்லீங்கய்யா. லாரி நடை எழுதுறதுக்கு ஏத்தமாதிரி மாத்தி, தமிழ்ல போட்டு, மூணு மாசம் உழைச்சிருக்கேன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். "விக்கலாம் மாமா, அது தப்பில்ல. ஆனா புரோகிராம எழுதுன மூல வரிகள், அதான் சோர்ஸ் கோடு, அதையும் சேத்துக் குடுக்கணும்னு லைசென்ஸ்ல இருக்கு. குடுத்தீங்களா மேடம்?"

கொடுக்கவில்லை. கொடுத்தால் இவர்களே பெரம்பலூர் சங்கத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அடுத்து அவர்களுக்குத்தான் விற்கலாம் என்றிருந்தேன். வேறு வழியில்லாமல் சிடியில் எழுதி நீட்டினேன்.

"இதை நாங்க யாருக்கு வேணாலும் குடுக்கலாமா?" என்றார் செயலாளர்.

"குடுக்கலாங்கய்யா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் தெளியவில்லை. அந்த புரோகிராமை முதலில் எழுதியவர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். கோடின் தலைப்பில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டவள் நான். லைசென்ஸ் அதை அனுமதிக்கவில்லை. மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. நாளை சங்க ஆபீஸ் திறந்ததும் போய், முதலில் எழுதியவர் பெயரோடு வேறு சிடி கொடுத்துவிடுவேன். எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்வேனா, அதுதான் தெரியவில்லை.