நான் வாங்கித் தந்த மூன்றாவது டின்

இன்று காலை என் மகன் கூடத்தில் உட்கார்ந்து ஓர் எனர்ஜி டிரிங்க் டின்னைத் திறந்தான். புஸ்ஸென்று சத்தம், பின்னாலேயே அந்த நாற்றம். இருமல் மருந்தில் மிட்டாயைக் கரைத்த மாதிரி. உன் ஞாபகம் வந்தது, மச்சான்.

ஞாயிறு காலைகளில் உப்பளம் மைதானத்தில் பெத்தாங்க் ஆடுவோமே, அந்தப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன குண்டு விளையாட்டு. தோற்றவன் இதே டின் வாங்க வேண்டும், ஜெயித்தவன் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், அது நம் சட்டம். பத்தாவதைத் தாண்டாத எனக்குக் குண்டு எறியவும் வரவில்லை. நான் விட்ட இரும்புக் குண்டு, குறிக்கு வைத்த மரப்பந்தைத் தவிர எல்லாப் பக்கமும் உருளும். உடனே நீ வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "குண்டு கடலூருக்குப் போயிடுச்சிடா!" என்பாய். கூட்டமே சிரிக்கும். உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்பெனியில் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேராக வருவாய். "பிரஷர் இருக்குன்னாங்களேடா" என்றால், "அதெல்லாம் கெழவனுங்களுக்குடா" என்பாய்.

அன்று மூன்று ஆட்டமும் தோற்றேன். மூன்றாவது டின்னோடு வந்தபோது உன் வாய் கோணியிருந்தது. வழக்கமான நக்கல் என்று சிரித்தேன். ஏதோ குழறினாய். "நடிச்சது போதும், குடிடா" என்று நானே டின்னை உன் வாயில் சாய்த்தேன். கடைவாயில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. அதற்கும் சிரித்தோம், தூ! கையிலிருந்த குண்டு நழுவி உன் கால்மேலேயே விழுந்தது. நீ கத்தவில்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். டின் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதாம். ஆனால் பிரஷரை வைத்துக்கொண்டு, தூக்கமும் இல்லாமல், அவ்வளவு குடித்திருக்கவே கூடாதாம். நான்காம் நாள் போய்விட்டாய். உன் அம்மாவிடம், "திடீர்னு விழுந்துட்டாம்மா" என்றேன். பதினைந்து வருஷமாக எல்லோரிடமும் அதே கதைதான்.

மகனுக்கு இப்போது இருபத்திரண்டு. வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறான். தினம் நான்கு டின், இரண்டு நாளாகத் தலைவலி வேறு. "வேணாண்டா" என்றால், "இன்னாப்பா, நீ குடிக்கிற டீயவிடவா?" என்று சிரிக்கிறான். இன்று அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், டின்னைச் சாய்த்தது உட்பட.

"நீயாப்பா?"

"நான்தாண்டா."

எழுந்து மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினான். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. இருக்கட்டும், எனக்கு அது புதிதில்லை, கண்ணாடியில் தினம் பார்ப்பதுதான். சாயங்காலம் பிரஷர் பார்க்க என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் அம்மா இன்னும் பிள்ளைச்சாவடியில்தான் இருக்கிறார். போகும்போதெல்லாம் என்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறார். அவரிடம் சொல்வதுதான் பாக்கி.