பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

மார்ச் 4, செவ்வாய்
கண் மருத்துவமனையின் இணையதளச் சோதனை முடிந்தது. வந்தவர்களை உட்காரவைத்து, "டாக்டரைப் பாக்க நேரம் பதிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் என் வேலை. எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். உதவ மட்டும் கூடாது. இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கே எனக்குச் சம்பளம் தரலாம்! பன்னிரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். பன்னிரண்டு பேரும் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். 'மிக எளிது' என்று அறிக்கை எழுதினேன். இதை வைத்துத்தான் பதிவு கவுண்டரை மூடப்போகிறார்களாம்.

மார்ச் 5
எங்கள் நிறுவன மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு
பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மாதாமாதம் கண்ணில் ஊசி போட அதே கவுண்டரில் வரிசையில் நிற்பவள். "சோதனைக்கு வான்னு சொன்னேனே, ஏன் வரல?" என்று சண்டை பிடித்தேன்.

"நீ அனுப்புன பக்கத்துல பேரு குடுத்தாத்தானடி வர முடியும்? மூணு நாள் மல்லுக்கட்டினேன். பிறந்த தேதி கேக்குது, போட்டா அழிச்சிடுது. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்குத்தான் கூறு பத்தல."

சுருக்கென்றது. சோதனைக்கு ஆள் சேர்த்ததே அதே தளத்தின் பதிவுப் பக்கத்தில்தான்! பதியத் தெரிந்தவர்களாகப் பொறுக்கியெடுத்து, பதியத் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். ஐயோ, என்ன வேலை பாத்து வெச்சிருக்கேன்?

மார்ச் 11
கவுண்டர் வரிசைக்கே போய் பதினோரு பேரிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். முடித்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் ஒருவர் விடாமல் மன்னிப்புக் கேட்டார்கள். என்னிடம்!

மார்ச் 12
புது அறிக்கையை மேலாளர் திறக்கவே இல்லை. "பழசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தாச்சும்மா. அவங்களுக்கும் புடிச்சுப்போச்சு. இப்பப் போய் குட்டையக் குழப்பாதீங்க." நானே நேராக மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒரு நொடியில் பதில்: 'உங்கள் கருத்துக்கு நன்றி.' யாரும் படிக்கவில்லை என்பதை இவ்வளவு வேகமாகவா சொல்வார்கள்?

ஏப்ரல் 1
கவுண்டரை மூடிவிட்டார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு
பெரியம்மா வந்தாள், வரிசைத் தோழிகள் இரண்டு பேரோடு. ஊசி ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. "எளிதுன்னு நீதானே எழுதினே? எங்க மூணு பேருக்கும் பதிவு போட்டுக் குடு."
போட்டுக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 18, ஞாயிறு
சாப்பாட்டு மேசையில் பதினாறு பேருக்குப் பதிவு. பெரியம்மா வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்துகிறாள். என்ன அதிகாரம்!

மே 19
மேலாளர் மறுபடி கைதட்டினார். தளத்தில் வயதானவர்களின் பதிவு வாராவாரம் ஏறுகிறது என்று மருத்துவமனையிலிருந்து பாராட்டுக் கடிதமாம். "பாத்தீங்களா? உங்க மொத அறிக்கைதான் கரெக்ட்."

உதவக் கூடாது என்ற விதி எதற்கென்று இன்றுதான் உறைத்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்தொன்பது பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள்.