பதினாறு டிகிரியில் உன் கோட்டு

சுவருக்கு அந்தப் பக்கம் இல்லாமல் போன என் லெட்சுமிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அதனால் மழையிலிருந்து தொடங்குகிறேன்.

பண்டமாரானில் பத்து நாளாக விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. வழக்கம்போல் கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி, ஃபேனைப் போட்டுவிட்டிருக்கிறேன். "உன் உள்பாவாடைக்குக் குனிந்து கும்பிட்டால்தான் இந்த வீட்டுக்குள் வர முடியும் போலிருக்கிறது" என்று போன வருஷம் கேலி செய்தாயே? இந்த வருஷம் குனிந்து வர ஆள் இல்லை. அதனால் கயிற்றைத் தாராளமாகத் தாழக் கட்டியிருக்கிறேன்.

உன் வீட்டில் வாடகைக்கு ஆள் வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்யும் பையனும் அவன் மனைவியும். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வந்த மறுநாள் டிவி மாட்டுவதற்காக நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஆணி அடித்தார்கள். டொக் டொக் என்று இரண்டு தட்டு கேட்டதும், நீ கரண்டிக் காம்பால் தட்டி டீக்குக் கூப்பிடுகிறாய் என்று நான் பாதி நறுக்கிய காய்கறியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன், லெட்சுமி. பிறகு அதைக் கழற்றி வைக்க வெகுநேரம் ஆனது.

சரி, நம் பிள்ளைகள் கதைக்கு வருகிறேன். உன் மகளும் என் மகனும் கனடாவில் நன்றாக இருக்கிறார்கள். அங்கே இப்போது பனிக்காலம் உச்சத்தில் இருக்கிறது. வாசலில் கிடக்கும் நாளிதழை எடுத்து வரச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வைப்பானே என் தினேஷ், அவன் இப்போது விடிவதற்குள் எழுந்து வாசல் பனியைச் சவலால் வாரித் தள்ளுகிறான். நான்கு மணி நேரத்தில் அது மறுபடியும் கொட்டிவிடுகிறது. மறுபடியும் வாருகிறான். இருபத்தைந்து வருஷம் நான் தொண்டை கிழியக் கத்திச் சாதிக்காததைப் பனி ஒரே வாரத்தில் சாதித்துவிட்டது.

உன் ஷாமினியின் இட்லி மாவுதான் அங்கே பெரிய பிரச்சினை. இரண்டு நாளானாலும் பொங்குவதில்லையாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாவுப் பானையைத் தினேஷின் தடி ஜாக்கெட்டில் சுற்றி, ஓவன் அடுப்புக்குள் இருக்கும் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிட்டாள். மாவு பொங்கியது. நன்றாகவே பொங்கி ஜாக்கெட்டின் கைக்குள்ளும் போய்விட்டது. அவனிடம் இருப்பது அந்த ஒரே ஜாக்கெட். துடைத்துவிட்டு அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். கூட வேலை செய்பவர்கள் புளித்த வாடையை என்னவென்று நினைத்தார்களோ.

இப்படியே தினமும் காலை பத்து மணிக்குப் பேசுகிறோம். அவர்களுக்கு அது முந்தின நாள் மாலை ஏழு. இன்று மைனஸ் பதினெட்டு என்பாள் ஷாமினி. இங்கே வடிகால் நிரம்பி வழிகிறது என்பேன் நான். நாளைக்கு இன்னும் இறங்குமாம் என்பாள். கவனமாக இரு, வழுக்கும் என்பேன். வானிலை அறிக்கை வாசிப்பவர்கள் கூட எங்கள் அளவுக்கு வானிலை பேச மாட்டார்கள்.

ஏன் என்று உனக்குப் புரியும். உன் பெயரைச் சொன்னால் நான் அழுவேன் என்று அவள் சொல்வதில்லை. சொன்னால் அவள் அழுவாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று நான் சொல்வதில்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாளில் எங்கள் இருவர் வாயிலும் "அம்மா" என்ற சொல் வரவே இல்லை.

உன்னை எடுத்த அன்று அவளால் வர முடியவில்லை. ஆறாம் மாதம், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தருகே பிடிங்க அத்தை என்றாள், பிடித்தேன். கால்பக்கம் என்றாள், பிடித்தேன். தோள் விட்டுப் போகும் அளவுக்கு வலித்தது, கையை மட்டும் இறக்கவில்லை. அவள் அழுத சத்தம் அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. என்னால் அவளைத் தொட முடியவில்லை.

நாம் போட்ட திட்டம் வேறாக இருந்தது, இல்லையா? தலைப்பிரசவம் தாய்வீட்டு வேலை. ஷாமினி இங்கே வர முடியாது, ஆகவே தாய்வீடே பெட்டி கட்டிக்கொண்டு கனடா போகும் என்றாய். மாமியார்க்காரியான நான் வெயில் காலத்தில் வந்து, குளித்துப் பவுடர் போட்ட பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தால் போதும் என்றாய். "வேலைக்கு நான், விருந்துக்கு நீ" என்று நீ சொன்னபோது நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். தினேஷ் நம் இருவருக்கும் சேர்த்தே விசா எடுத்தான். நீயோ அன்று சாயந்திரமே என்னை இழுத்துக்கொண்டு கிள்ளான் பண்டல் கடைக்குப் போய்விட்டாய்.

மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்தப் பழைய துணிகளுக்குள் புகுந்து, முழங்கால் வரை தொங்கும் மெரூன் நிறக் கோட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாய். குளிர் நாட்டுக்காரி கழித்துப் போட்டதை இங்கே வாங்கி, மறுபடியும் குளிர் நாட்டுக்கே கொண்டு போகிறாயே என்று சிரித்தேன். அதை நீ துவைத்துக் காயப்போட்டு ஐந்து நாள் காவல் இருந்தாய். பிறகு ஒவ்வொரு பையிலும் அந்துருண்டை போட்டாய். உன்னோடு அந்த விமானமே மணக்கும் என்றேன். நீ விமானம் ஏறவில்லை. கோட்டு என் அலமாரிக்கு வந்துவிட்டது.

இப்போது பிள்ளைப்பேற்றுக்கு யார் போவது? ரவாங்கிலிருந்து என் அண்ணி போனில் பேசினார். மாமியார் போய்ப் பத்தியம் போட்டுக் கொடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், அங்கேயே யாராவது ஆளைப் பிடிக்கச் சொல் என்றார். ஷாமினியும் ஒருநாள் அவளாகவே, குளிர் உங்களுக்கு ஆகாது, நீங்கள் வர வேண்டாம் என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று முழுக்க உன் சுவர்ப்பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. குளிர் என்னை என்னதான் செய்துவிடும் என்று பார்த்துவிடுவோம் என்று போன செவ்வாய்க்கிழமை தினேஷின் அறைக்குள் போனேன். அவன் போனதிலிருந்து போடாத ஏர்கானைப் போட்டு, பதினாறுக்கு இறக்கினேன். அதற்குக் கீழே அது போகாதாம். அவனுடைய பந்து விளையாடும் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டேன். உன் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கு வியர்த்துவிட்டது, லெட்சுமி. அவ்வளவு நல்ல கோட்டு அது. நீ எதையும் பார்த்துத்தான் வாங்குவாய்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் குளிரைப் பார்த்து இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே போய் உன் இடத்தில் நின்று உன் வேலையைச் செய்தால், நீ இனி வரவே மாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குத்தான் பயந்திருக்கிறேன். அந்துருண்டை வாடையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். கேட்டு ஓடி வர நீ இல்லை என்கிற வசதி இப்போது இருக்கிறது.

மணி பத்தானதை மறந்துவிட்டேன். போன் அடித்தது, பழக்கத்தில் எடுத்துவிட்டேன். திரையில் ஷாமினி. நல்ல மேல்மூச்சு வாங்குகிறது அவளுக்கு, முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். மூன்று மாதம் கழித்து அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன அத்தை இது, ஏர்கான்ல உக்காந்து பிராக்டிஸா? இங்க மைனஸ் இருபத்திரெண்டு லா."

பிறகு அவள் சிரிப்பு நின்றது. போனுக்கு அருகே வந்து பார்த்தாள்.

"அத்தை, அது அம்மா கோட்டுதானே?"

ஆமாம் என்றேன். வானிலைக்குத் திரும்ப இருவருக்கும் வழி இல்லாமல் போயிற்று. கோட்டின் கையைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். காலரைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்து, புதுக் கம்பளியை மடித்துக் கட்டிலில் வைத்தாளாம். மூன்று மாதமாக அதை எடுக்கவும் முடியவில்லை, அந்த அறைக் கதவைத் திறக்கவும் முடியவில்லை என்றாள்.

"நீங்க வரீங்களா அத்தை?"

"வர வேணாம்னு நீதானே சொன்னே?"

"நீங்க வரலன்னு சொல்லிட்டா தாங்க முடியாதுன்னு நானே முந்திக்கிட்டேன்."

பார்த்தாயா உன் மகளை? அச்சு அசல் நீதான். நான் வரேன்மா என்றேன். அண்ணி சொன்ன நாலு பேர் யாரென்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் அவர்களுக்கும் ஒரு வாய் பூண்டுக் குழம்பு கொடுக்கலாம்.

வரும் வியாழக்கிழமை விமானம். மருந்துச் சாமான்களை வறுத்துப் பொடித்து டப்பாவில் அடைத்துவிட்டேன். உன்னைக் கேட்க எத்தனையோ இருக்கிறது. அந்தக் குளிரில் பிள்ளைக்கு வெந்நீர் எவ்வளவு சூட்டில் ஊற்றுவது? ஷாமினி சின்ன வயதில் எதைப் பாடினால் தூங்குவாள்? இதையெல்லாம் சுவரைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ?

கோட்டின் கை எனக்கு நீளம். மடித்துவிட்டுக்கொள்கிறேன், வெட்டித் தைக்க மாட்டேன். அந்துருண்டைகளையும் எடுக்கவில்லை, உன் மகளுக்கு அந்த வாடை வேண்டுமாம். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், லெட்சுமி. அவளிடம் இனி மழையையும் பனியையும் பேசி உன்னை மறைக்க மாட்டேன். அன்று உனக்குப் பக்கத்தில் வெறும் போனைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி வரும்போது உன் மகளையே பிடித்துக்கொள்கிறேன். தோள் விட்டுப் போனாலும் கையை இறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
விருந்துக்கு வருவதாகச் சொல்லி, வேலைக்குப் போகிற
உன் சம்பந்தி பாக்கியம்