நீ என்றால் நீதான்

என் ஞானப்பூவுக்கு, இந்த ஒரு முறை உன்னைத் திருத்தாமல் எழுதுகிறேன்.

உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. கோயில் பங்கு இதழுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'பக்தி மிக்கவர், பாடுபட்டு உழைத்தவர்' என்று எழுதினால் நீயே சிரிப்பாய். அதனால் நாம் இருவரும் மதியம் மூன்று மணிக்குப் பார்த்த சீனத் தொடரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்றும் அதில் இருக்கிறது. ஊர் படிக்கட்டும்.

நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனால் நான் உன் அண்ணன் மனைவி. கல்யாணமான வாரத்திலேயே, "மதினியை நீங்க என்றுதான் சொல்ல வேண்டும்" என்று உனக்குச் சொல்லிவிட்டேன். ஐம்பது வருடம் நீ ஒரு நாளும் தவறவில்லை. நான் மட்டும் உன்னை நீ என்றேன். அதுதான் முறை என்று நினைத்தேன்.

உன் அண்ணன் போன பிறகு தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து இருந்தாய். என் மகள் ஸ்டெல்லா கோவையிலிருந்து வந்து டிவியில் அந்தத் தொடரை வைத்துக் கொடுத்தாள். பேச்சு சீனம், கீழே ஆங்கில எழுத்து. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, நீ கேட்பாய். அந்தப் பெயர்கள் நம் வாயில் நுழையவில்லை. நீதான் கதாநாயகிக்கு 'ஊதாப் பாவாடை' என்றும், இளவரசனுக்குக் 'கொண்டைக்காரன்' என்றும் பெயர் வைத்தாய்.

ஊதாப் பாவாடை தேயிலை பறிக்கும் காட்சி வந்தபோது நீ எழுந்தே நின்றுவிட்டாய். "பாருங்க மதினி, முழுக்கையால பிடுங்குதா! கங்காணி பாத்தா கொன்னுருவாரு." பிறகு அவர்கள் தேநீரைச் 'சா' என்று சொல்வதைக் கண்டுபிடித்தாய். "நம்ம சாயாதான் மதினி! இன்னொண்ணு கேட்டீங்களா? நீங்கிறதுக்கும் நீன்னுதான் சொல்லுதாக. நீயும் சாயாவும் தெரிஞ்சா போதும், சீனாவுல பிழைச்சுக்கிடலாம்."

அந்த 'நீ'யில்தான் நமக்குச் சண்டை வந்தது. ஒரு பாகத்தில் ஊதாப் பாவாடை கொண்டைக்காரனைத் தடுக்கிறாள். "நீங்கள் போக வேண்டாம்" என்று வாசித்தேன்.

"இல்ல மதினி. நீன்னுதான் சொன்னா. காதுல விழுந்துச்சு."

"இளவரசனை எவளாவது நீ என்பாளா?"

"பிரியமிருந்தா சொல்லுவா."

"கான்வென்டில் படித்தவள் நானா, நீயா?" என்றேன். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். ஆங்கிலத்தில் சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ'தான். அதை 'நீங்கள்' ஆக்கியது ஆங்கிலமும் இல்லை, சீனமும் இல்லை. நான்தான்.

இன்னும் நான்கு பாகம் மீதி இருக்கும்போது உனக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பில் ஏறும்போதும், "நான் வராம பாத்துராதீங்க மதினி" என்றாய். நான் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து கேட்டாய்.

"ஊதாப் பாவாடை அவன்கூடச் சேந்துட்டாளா?"

பொய்யே சொல்லாதவள் என்று பெயரெடுத்த நான் சொன்னேன்: "சேர்ந்துவிட்டாள். பெரிய கல்யாணம். ஊர்வலத்தில் யானையெல்லாம் வந்தது."

"சீனாவுல ஏது யானை? நீ பொய் சொல்லுதே."

நீ என்றாய். ஐம்பது வருடத்தில் முதல் முறை. என் நாக்கு சும்மா இருந்ததா? "நீங்க என்று சொல்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாய். நாம் பேசிக்கொண்டது அதோடு சரி.

போன வாரம் ஸ்டெல்லாவிடம், மீதியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "வேண்டாம்மா, அழுவீங்க. வேற ஏதாவது பாருங்க" என்றாள். "பொய் சொன்னவள் நான். மெய் என்ன என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றேன்.

நாளுக்கு ஒரு பாகம் பார்த்தேன். நீ இருந்தபோது வாசித்த அதே சத்தத்தில் வாசித்தேன். மழைச் சத்தத்துக்கு மேல் என் குரல் கேட்டு, நான் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மலையாளத்து லீலாம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலையில் துணியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "சேச்சி, இது ஏது ராஜாவா?" என்று, இது எந்த ராஜா என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் தரையில் விழுந்து புரண்டிருப்பாய்.

கேள், ஞானப்பூ. யானை வரவில்லை. கல்யாணமும் நடக்கவில்லை. அவன் எல்லைப் போருக்குப் போய்விட்டான். அவள் மலையடிவாரத்தில் சாயாக்கடை வைத்தாள். இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு கிழவன் வந்து பெஞ்சில் உட்காருகிறான். அவள் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரே ஒரு சொல் சொல்கிறாள். கீழே 'யூ' என்று எழுத்து வந்தது. எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. காதில் விழுந்துவிட்டது.

அவள் என்ன சொன்னாள் என்று லீலாம்மா கேட்டாள்: "எந்தா பறஞ்ஞது சேச்சி?"

"நீ" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் ஸ்டெல்லாவை விசாரிக்கச் சொன்னேன். "சீனத்துல நீன்னா நீதாம்மா. மரியாதைக்கு வேற சொல்லு இருக்காம்" என்றாள். நீ சொன்னது சரி. எழுத்துக் கூட்டத் தெரியாத நீ கேட்டதை, நான் வாசித்து மறைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை இடத்தில் அப்படிச் செய்தேனோ?

அதனால் நாளை மூன்று மணிக்கு முதல் பாகத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன். நாற்பது பாகத்தையும், அவள் நீ என்ற இடத்திலெல்லாம் நீ என்றே வாசிப்பேன். லீலாம்மா வந்தாலும் வாசிப்பேன், வராவிட்டாலும் வாசிப்பேன்.

நான் அங்கே வரும் நாளில் நீ எதிரே வந்து, "வந்துட்டியா?" என்று கேள். திருத்த மாட்டேன். இது சத்தியம்.

உன்னைவிட இரண்டு வயது இளைய
உன் மதினி