பெட்டி கட்டிய கயிறு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காமல் முழுசாகப் போடு. நான் சௌக்கியம்.

இந்தத் தர்பூசணித் தோட்டத்துக் கிணற்றில் தினமும் முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு, தண்ணீர் எத்தனை முடிச்சில் நிற்கிறது என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. போன வாரம் கயிறு முழுக்க இறங்கியும் நுனி நனையவில்லை. நீ என் பெட்டியைக் கட்டிக் கொடுத்த கயிற்றில்தான் இதுவரை துணி காயப்போட்டேன். அதை அவிழ்த்து ஒட்டுப்போட்ட பிறகே ஈரம் பட்டது. சிரிக்காதே.

மேஸ்திரி நம் மொழிக்காரர். "பழைய கணக்கையே எழுதுப்பா. தண்ணி இறங்கினது தெரிஞ்சு கவர்மென்ட் ஆபீசர் மோட்டாரை நிறுத்திட்டா கப்பல்ல ஏத்தப் பழம் ஏது, உனக்குச் சோறு ஏது?" என்றார். ஒரு வாரம் அப்படியே எழுதினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்களின் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நிற்கிறது. வருஷம் முழுக்க அவர்கள் சாப்பாடு அதுதான். நேற்று ஒரு பெண் காலிக் குடத்தோடு வேலியோரம் நின்று என் கயிற்றையே பார்த்தாள்.

இன்று உள்ளபடி எழுதிவிட்டேன். மேஸ்திரிக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலை ஆபீசர் நோட்டைப் பார்க்க வருகிறார். பயப்படாதே, தலையையா வாங்கிவிடுவார்கள்?

தபால் கொண்டுபோகும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சீக்கிரம் ஒரு பார்சல் அனுப்பு. உள்ளே எது இருந்தாலும் சரி, நல்ல நீளக் கயிறாகக் கட்டு. பெட்டியைக் கட்ட என்னிடம் இப்போது கயிறு இல்லை.