லாபம், இரண்டு, மூன்று

மாசி மாதம், செவ்வாய் இரவு.

மகள் பௌதிகவியல் அறிக்கையை நாளைக்கு ரீச்சரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக் கூரை வளையில் நூல் கட்டி, கதவுப் பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டினாள். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பல தடவை பார்க்க வேண்டுமாம். முதலில் தானே எண்ணினாள். பிறகு நான் எண்ண, அவள் போனில் நேரம் பிடித்தாள். என்னுடையது ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது.

“எல்லா இடத்திலயும் ஒரே நேரத்தை எழுதன் பிள்ளை. ஆர் வந்து பாக்கப் போகினம்?”

“ஒரே மாதிரி இருந்தாத்தான் ரீச்சர் களவு பிடிப்பா. நீங்கள் சத்தமா எண்ணுங்கோ பாப்பம்.”

பூட்டை விட்டாள்.

“லாபம், ரெண்டு, மூண்டு…”

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விடும்போது பூச்சியமாம். ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் ஒன்றாம். அதனால்தான் என்னுடைய நேரம் குறைந்ததாம்.

“நெல்லளக்கேக்க பூச்சியம் எண்டு தொடங்கினா வீடு விளங்குமோ?” என்றேன்.

அவளுடைய அப்பா களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்றுகூடச் சொல்லமாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார். அவர் செத்த பிறகு இன்றைக்குத்தான் அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்டது.

பிழையான நேரத்தை அழிக்கக் கூடாதாம். வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதினாள். நல்ல பிள்ளை, அம்மாவின் பிழை என்று எழுதாமல் ‘எண்ணியவரின் பிழை’ என்று எழுதினாள்.

பிறகு மூன்று தடவை பூச்சியத்தில் தொடங்கினேன். நேரங்கள் கிட்டக்கிட்ட வந்தன. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் லாபம் சொல்லிவிட்டுத்தான் வாயால் பூச்சியம் சொன்னேன். அதை அவள் அறிக்கையில் எழுதத் தேவையில்லை.